இடது தோளுக்கு ஓர் அளவு

ஸ்ரீலக்ஷ்மியின் இடது தோள் வலது தோளைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்கும். பள்ளிக்கூட நாட்களில் முதுகெலும்பு லேசாக வளைந்ததில் வந்தது. வலி கிடையாது. பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டரும் சொல்லிவிட்டார். ஆனால் லஸ் பக்கத்து டெய்லர் ஒருவர், கடையில் ஆட்கள் நிற்கும்போதே, "இன்னாம்மா, பாப்பாவுக்கு ஒரு பக்கம் எறங்கிக் கீது?" என்று கேட்டார். அன்றோடு அவள் அம்மா சுப்புலக்ஷ்மி டெய்லர் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

ஒரு மெஷின் வாங்கி வீட்டிலேயே தைக்கக் கற்றுக்கொண்டாள். மகளின் ஒவ்வொரு ரவிக்கையிலும் சுடிதாரிலும் இடது தோளுக்குள் பஞ்சை மடித்து வைத்துத் தைத்தாள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு தோளும் சமம். உள்ளே வெயில் காலத்தில் பஞ்சு வியர்வையில் ஊறி, தோல் சிவந்து அரிக்கும். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க ஸ்ரீலக்ஷ்மி இடது கையைத் தூக்க மாட்டாள், பஞ்சு நகர்ந்துவிடும். அடையாறு பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சரான பிறகும் கரும்பலகையின் மேல்பாதியில் எழுதாமலே பாடம் நடத்தப் பழகியிருந்தாள்.

வேளச்சேரியிலிருந்து அச்யுத் பெண் பார்க்க வந்தபோதும் அவள் பஞ்சோடுதான் வந்து உட்கார்ந்தாள். பிடித்திருக்கிறது என்று அன்றே சொல்லிவிட்டார்கள்.

"அவாகிட்ட சொல்லிடலாம்மா" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி.

"என்னத்தச் சொல்லணும்? நோயா நொடியா? எல்லாம் கல்யாணம் ஆனப்பறம் பார்த்துக்கலாம்."

அதற்குப் பிறகு அச்யுத் அடிக்கடி போனில் பேசினான். அவன் அனுப்பச் சொன்ன போட்டோக்களில் பஞ்சு வைத்த ஒருத்தி நிமிர்ந்து நின்றாள். அவளைத்தான் அவன் கட்டிக்கொள்ளப் போகிறான் என்று தோன்றியது.

கோடை விடுமுறையில், அம்மா கோயிலுக்குப் போகும் நேரங்களில், ஸ்ரீலக்ஷ்மி யூட்யூப் பார்த்துப் பேட்டர்ன் போடப் படித்தாள். எல்லா வீடியோவிலும் பேப்பரை இரண்டாக மடித்து ஒரு பாதிக்குத்தான் வரைந்தார்கள். உடம்பின் இரண்டு பக்கமும் ஒன்று என்ற கணக்கு. அவள் பேப்பரை மடிக்கவில்லை. இடதுக்குத் தனியாக, வலதுக்குத் தனியாக அளந்து வரைந்தாள். முதலில் வெளுக்காத, மலிவான காடா துணியில் வெட்டிப் போட்டுப் பார்த்தாள். கைக்குழி இழுத்தது. பிரித்தாள், அரை விரல் இறக்கினாள், மறுபடி தைத்தாள். மூன்றாவது முறை நீலப் பருத்தியில் வெட்டினாள்.

கொக்கிகளை மாட்டியதும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள். ரவிக்கை எங்கும் இழுக்கவில்லை, கழுத்து நழுவவில்லை. கண்ணாடியில் தோளின் சரிவு அப்பட்டமாகத் தெரிந்தது. அவள் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முகூர்த்தப் புடவை எடுக்க தி.நகருக்கு அச்யுத்தும் அவன் அம்மாவும் அழைத்த அன்று அந்த நீல ரவிக்கையைப் போட்டுக்கொண்டாள்.

சுப்புலக்ஷ்மி வாசற்கதவை மறித்து நின்றாள். "உள்ள போய் மாத்திண்டு வா."

"ஆட்டோ வந்துடுத்தும்மா." சுப்புலக்ஷ்மி வேறு வழியில்லாமல் கூடவே ஏறிக்கொண்டாள்.

கடையில் விற்பனைப் பெண் அரக்கு நிறப் பட்டுப்புடவையை அவள் இடது தோளில் போட்டுக் காட்டினாள். அது சரிந்து விழுந்தது. மறுபடி போட்டாள், மறுபடி சரிந்தது.

"கொஞ்சம் நேரா நில்லும்மா" என்றாள் அச்யுத்தின் அம்மா.

"நேராத்தான் நிக்கறேன் மாமி. என் தோளே இப்படித்தான். இத்தனை நாளா பஞ்சு வெச்சுண்டிருந்தேன்."

சுப்புலக்ஷ்மி தரையைப் பார்த்தாள். அச்யுத் ஸ்ரீலக்ஷ்மியையும் தன் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தான். அந்தப் புடவையையே எடுத்தார்கள்.

மறுநாள் அச்யுத்தின் அம்மா போன் செய்தாள். சுப்புலக்ஷ்மி பேசி முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்ல மனுஷா. ஒண்ணுமே தப்பா எடுத்துக்கலை. போட்டோ எடுப்பா, நாலு பேர் வருவா, அதனால கல்யாணத்தன்னிக்கு மட்டும் பழையபடி வெச்சுண்டா போறும்னு சொல்றா."

ஸ்ரீலக்ஷ்மி அச்யுத்துக்குப் போன் செய்தாள்.

"எனக்கு ஒண்ணும் இல்ல ஸ்ரீ, சத்தியமா" என்றான். "அம்மாவுக்காக, ஒரு நாள்தானே."

"அதுக்கப்பறம்? உங்க ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ் ஆத்துக்கு வரச்சே?"

"அதெல்லாம் அப்போ பார்த்துக்கலாம்" என்றான்.

கோபப்படலாம் என்றால் யார்மேல் படுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. எல்லோரும் அன்பாகத்தான் பேசினார்கள். நீ வேண்டாம் என்று ஒருவராவது சொல்லியிருந்தால் எழுந்து போயிருக்கலாம்.

"முகூர்த்த ரவிக்கையை நானே தைச்சுக்கறேன்" என்றாள் அம்மாவிடம்.

"பஞ்சு வெப்பியோன்னோ?"

"வெக்கறேன்."

தன் தோள் எங்கே தொடங்கி எங்கே இறங்குகிறது என்பது இப்போது அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். பஞ்சை ஒரே கனமாக மடிக்காமல், கழுத்துப் பக்கம் மெல்லியதாகவும் நுனியில் கனமாகவும் படிப்படியாக அடுக்கினாள். மேலே லைனிங் போட்டு மூடினாள். அம்மா வைத்ததுபோல் அது புடைக்கவில்லை, நகரவும் இல்லை. விரலால் தடவிப் பார்த்த சுப்புலக்ஷ்மிக்கே எது பஞ்சு, எது தோள் என்று தெரியவில்லை. "என்னைவிட நன்னா வந்திருக்கு" என்றாள் சந்தோஷமாக.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மேடை விளக்குகளின் சூட்டில் பட்டுக்குள் முதுகெல்லாம் நனைந்தது. ஆல்பத்தில் எல்லாப் படத்திலும் அவள் நேராக நின்றாள்.

வேளச்சேரி வீட்டுக்குப் போன முதல் வாரம் மாமியார் அவளை அறைக்குள் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். மடியில் ரவிக்கைத் துணிகள் இருந்தன.

"நீ சொல்லலேன்னா எனக்கே தெரிஞ்சிருக்காது, அவ்வளவு அழகாத் தைச்சிருந்தே. இதுக்கெல்லாமும் அப்படியே வெச்சுத் தைச்சுடு. உனக்குன்னு மெஷின் வாங்கித் தரச் சொல்லியிருக்கேன் அச்யுத்கிட்ட."

ஸ்ரீலக்ஷ்மி இரண்டு கையையும் நீட்டி அவற்றை வாங்கிக்கொண்டாள்.