கம்பிக் கூடையில் ஓர் இடம்

பாத்திரம் கழுவும் மிஷினின் மூடியைத் திறந்த வெரோனிகா மூக்கைப் பொத்திக்கொண்டாள். முந்தின நாள் ஊற்றிய வெந்நீர் ஆறிப்போய், சாம்பாரும் சலவைச் சோடாவும் கலந்த கலங்கலாகக் கோப்பைகளின் கழுத்துவரை நின்றது. மேலே கறிவேப்பிலை மிதந்தது. "நாளைக்கு அத்தனை பிள்ளைங்க சாப்பிட வர்றாங்க, இப்பப் பாத்தா இது மக்கர் பண்ணணும்?" என்றாள். அவள் புருஷன் வில்லியம் பனியனோடு குனிந்து மிஷினின் வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டினான். அது உர்ரென்று உறுமிவிட்டு அடங்கியது. பிளக்கைப் பிடுங்கிச் செருகினான், ஃபியூஸ் மாற்றினான், தண்ணீர் வெளியேறும் ரப்பர் குழாயில் வாய்வைத்து ஊதினான். கோயிலிலிருந்து தீர்த்தம் கொண்டுவந்து தெளிக்காததுதான் பாக்கி.

வில்லியம் வேலைபார்க்கும் கம்பெனியின் துரை, போன வருஷம் சுதந்திரம் வந்த கையோடு சீமைக்குக் கப்பலேறியபோது கொடுத்துவிட்டுப் போன மிஷின் அது. நான்கு கால்களில் நிற்கிற வெள்ளைத் தொட்டி. உள்ளே பாத்திரம் அடுக்க ஒரு கம்பிக் கூடை, அடியில் தண்ணீரை வாரியிறைக்க ஒரு விசிறி. வெந்நீரும் சோடாவும் போட்டு சுவிட்சைத் தட்டினால் பாத்திரம் தானே கழுவிக்கொள்ளும். அது வீட்டுக்கு வந்த வாரம் சாந்தோமில் பாதிப் பேர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வில்லியம் ஒவ்வொருவருக்கும் சுவிட்சைத் தட்டிக் காட்டிவிட்டு, ஏதோ எல்லாவற்றையும் தானே கழுவியதுபோல நெற்றியைத் துடைத்துக்கொள்வான். நாளைக்கும் அந்தக் கச்சேரி உண்டு என்று பங்குச் சாமியாரிடம்கூடச் சொல்லிவைத்திருந்தான்.

நாளை ஞாயிறு. புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்குகிற பிள்ளைகள் பூசை முடிந்ததும் வெறும் வயிற்றோடு நேராக ஒரு வீட்டுக்குப் போய்ப் பசியாறுவது அந்தப் பங்கின் வழக்கம். இந்த வருஷம் வெரோனிகா வீடு. பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்ததும் அவள்தான். முன்பெல்லாம் கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால் குடியிருக்கிறவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் பலகாரத்தைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். "இந்த வாட்டி எல்லாரும் ஒண்ணா உக்காரட்டும் சாமி" என்று சாமியாரிடம் போய்ச் சொன்னவளே வெரோனிகாதான். சொல்லிவிட்டு வீடு திரும்பும்போது அவளுக்குத் தன்மேலேயே கொஞ்சம் பிரியம் வந்தது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரிப் பீங்கான் தட்டில் ஆப்பம் சாப்பிடுவதை அவள் மனசுக்குள் எத்தனையோ முறை பார்த்தாகிவிட்டது.

கடைசியில் வில்லியமே போய் பவுல்சாமியைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தான். பவுல்சாமியின் அப்பா கோயில் கல்லறையில் குழி வெட்டுகிறவர்; குடியிருப்பதும் அந்தத் தோட்டத்துக்குப் பின்னால்தான். இவன் சண்டைக் காலத்தில் மிலிட்டரி ஒர்க்‌ஷாப்பில் இருந்துவிட்டு வந்து, இப்போது மோட்டார் ரிப்பேர், கரண்ட் ரிப்பேர் எல்லாம் பார்க்கிறான். அவன் மகள் ஜோனுக்கும் நாளைக்குத்தான் புதுநன்மை. வில்லியம் முன்வாசல் வழியாக வர, பவுல்சாமி யாரும் சொல்லாமலே பக்கத்துச் சந்தில் திரும்பிக் கொல்லைப்புறமாக வந்து நின்றான். வெரோனிகாவுக்கு அது வித்தியாசமாகவே படவில்லை.

"இன்னாம்மா, தண்ணி எறங்க மாட்டேங்குதா?"

"ஆமா பவுல்சாமி. உறுமுது, அவ்வளவுதான்."

"தொண்டைல இன்னாவோ மாட்டிக்கினு கீது. பாத்துடலாம்."

கூடையை வெளியே எடுத்து வைத்து, தண்ணீரை மொண்டு கொட்டிவிட்டு, விசிறியைக் கழற்றி, அடியில் இருந்த துவாரத்துக்குள் விரலை விட்டான். பிடி பிடியாக நார் வந்தது. "தேங்கா நாரா?" என்று வில்லியம் கேட்டான். பவுல்சாமி அதை வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "முருங்கக்கா சார்! மென்னு துப்புன சக்கை. வெள்ளைக்காரன் இத்தக் கண்டானா? கண்டிருந்தா ஓட்டைய இன்னும் பெரிசா வச்சிருப்பான்."

வெரோனிகாவுக்கு முகம் சிவந்துவிட்டது. தட்டை வழித்துப் போடாமல், மிஷின் பார்த்துக்கொள்ளும் என்று அப்படியே அடுக்கியது அவள்தான். "ஐயையோ, எச்சில்! குச்சி ஏதாவது தரட்டுமா? கையால எடுக்காத."

"எச்சில் இன்னாம்மா பண்ணும்? கை கழுவுனா போச்சு."

அந்த வீட்டு வாய்கள் ஒரு வாரமாக மென்று துப்பியதையெல்லாம் அவன் முகம் சுளிக்காமல் தோண்டியெடுத்துச் சாம்பல் வாளியில் போட்டான். இப்படியும் ஒரு மனுஷனா என்று வெரோனிகாவுக்கு உருகிப்போயிற்று. நல்ல டிக்காஷனாக இறக்கி, பால் தாராளமாக விட்டுக் காபி போட்டாள். கிணற்றடிச் சுவர் மாடத்தில் ஓர் அலுமினிய டம்ளர் எப்போதும் கவிழ்ந்திருக்கும். விறகு பிளக்கிறவன், சாக்கடை எடுக்கிறவன் என்று கொல்லைப்புறமாக வருகிறவர்களுக்கு உள்ள டம்ளர். குடித்தவர்களே கழுவித் திரும்ப அங்கேயே கவிழ்த்துவிட்டுப் போவார்கள். அவள் கை போய் அதைத்தான் எடுத்தது.

பவுல்சாமி காபியை ரசித்துக் குடித்தான். "பாத்திரம் போட்டு ஓட்டிப் பாத்துடலாம், குடும்மா" என்றான். காலைப் பலகாரத் தட்டுகள், கோப்பைகள், பால் காய்ச்சிய சின்ன அலுமினியக் கிண்ணி எல்லாவற்றையும் வாங்கிக் கூடையில் அவனே அடுக்கினான். ஓரத்தில் ஓர் இடம் மிஞ்சியது. "இதோ, ஒரு எடம் காலியா கீது" என்று சொல்லிக்கொண்டே, குடித்து முடித்த டம்ளரை அதில் கவிழ்த்தான். மனசு வேலையில் இருந்த மனுஷன் யோசிக்காமல் செய்த காரியம். வெரோனிகாவும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருப்பாளா? சடக்கென்று கையை விட்டு டம்ளரை வெளியே எடுத்துவிட்டாள்.

மூன்று பேரும் அந்த டம்ளரைப் பார்த்தார்கள்.

"அது... அலுமினியம். சோடா பட்டா கறுத்துப்போகும்" என்றாள். சொல்லும்போதே பீங்கான்களுக்கு நடுவில் பால் கிண்ணி பளபளவென்று தெரிந்தது. பவுல்சாமியின் கண்ணும் அதன்மேல் ஒரு கணம் நின்றது. அப்போது பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

"ஆமாம்மா. கறுத்துப்பூடும்" என்றான் அவன், பொறுமையாக. அவள் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனான். கழுவி, மாடத்தில் கவிழ்த்தான். திரும்பி வந்து மூடியை மூடி சுவிட்சைத் தட்டினான். மிஷின் சுகமாகச் சுழன்றது. தண்ணீர் குழாய் வழியே குபுகுபுவென்று கொல்லைச் சாக்கடையில் இறங்கியது. வில்லியம் மட்டும் "சபாஷ்" என்றான்.

கூலி எதுவும் வேண்டாம் என்றுவிட்டான் பவுல்சாமி. சாமான் பையை எடுத்துக்கொண்டு இரண்டடி போனவன் திரும்பினான். "நாளைக்கி ஜோனுக்கு ஊட்லேர்ந்தே தட்டு குடுத்து அனுப்பறேம்மா" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் ஏதாவது பதில் சொல்லியிருக்கலாம்.

அவன் போனதும் வில்லியம், "அவன் போனப்புறம் எடுத்திருக்கலாமில்ல? கண்ணுக்கு எதிர்லயா?" என்றான். அதைக் கேட்டு அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனைத் திட்ட வாயெடுத்தவள், திட்டத் தனக்கு என்ன யோக்கியதை என்று வாயை மூடிக்கொண்டாள். சாயங்காலம் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். கோபம், பொறாமை, பூசையில் பராக்கு என்று வழக்கமாகச் சொல்வதையெல்லாம் சொன்னாள். இதை எந்தப் பாவத்தில் சேர்ப்பதென்று தெரியவில்லை, தெரியாததுபோல எழுந்து வந்துவிட்டாள். கல்லறைத் தோட்டத்துச் சுவர்வரைக்கும் நடந்து போனாள். தட்டு அனுப்ப வேண்டாம் என்று சொல்லவேண்டும். ஏன் என்று அவன் கேட்கமாட்டான். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. திரும்பி வந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் பிள்ளைகள் வெள்ளை உடுப்பும் முக்காடுமாக வந்து இறங்கினார்கள். ஜோன் நெஞ்சோடு ஒரு துணி முடிச்சை அணைத்திருந்தாள். எல்லாரோடும் வரிசையில் உட்கார்ந்து, முடிச்சை அவிழ்த்து, ரோஜாப்பூ போட்ட புத்தம்புது எனாமல் தட்டை எடுத்து முன்னால் வைத்தாள்.

"எனக்கு மட்டும் புதுசு, டீச்சர்! நேத்து சாயங்காலம் நைனா வாங்கியாந்துச்சு."

மற்ற பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி தனக்கும் பூத்தட்டுதான் வேண்டும் என்று அழ ஆரம்பித்தாள். வெரோனிகா ஆப்பத்தை எடுத்து ஜோனின் தட்டில் வைத்தாள். மேலே பால் ஊற்றினாள். நிமிர்ந்து யார் முகத்தையும் பார்க்க அவளால் முடியவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் வில்லியம் கச்சேரியைத் தொடங்கினான். பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தட்டைக் கொண்டுவந்து கூடையில் சொருகினார்கள். ஜோன் கடைசியில் நின்று தொட்டிக்குள் ஆசை ஆசையாக எட்டிப் பார்த்தாள். கூடையின் ஓரத்தில் ஓர் இடம் இருந்தது. வெரோனிகாதான் எந்தத் தட்டையும் அங்கே வைக்கவிடாமல் பார்த்துக்கொண்டாள்.

"குடும்மா, உன்னுதையும் போடலாம்" என்று கையை நீட்டினாள்.

ஜோன் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "வேணாம் டீச்சர். கறுத்துப்பூடுமாம். நைனா சொல்லிச்சு, கெணத்தாண்டயே கழுவிக்கினு வந்துடணும்னு."

"கறுக்காது ஜோன். இது எனாமல், கறுக்கவே கறுக்காது."

பிள்ளை அவளையும் மிஷினையும் மாறி மாறிப் பார்த்தாள். நைனா பொய் சொல்லுமா என்பது போலத் தலையை ஆட்டிவிட்டுக் கிணற்றடிக்கு ஓடினாள். இங்கே வில்லியம் மூடியை மூடப் போனான். "இருங்க" என்று வெரோனிகா மூடியைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகள் சுவிட்சைத் தட்டச் சொல்லிக் கூச்சல் போட்டார்கள். வெளியே ஜோன் நனையாதிருக்க முக்காட்டைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டு, ரோஜாப்பூவைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். பிறகு குதிகாலை உயர்த்தி, கவிழ்ந்திருந்த டம்ளருக்குப் பக்கத்தில் தட்டைக் காயவைத்தாள்.