அறுபத்திரண்டு சதவீதம்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு மரியாதையாக இருக்காது.

ஒரு பெரியவர் தன் தங்கையின் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "வண்டியில அறுபத்திரண்டு சதவீதம் சார்ஜ் இருக்கு, போதும்" என்றார். இருந்தது இருபத்துநான்கு.

நான் எழுத உட்கார்ந்தது கதையே அல்ல. எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் மாத இதழுக்குக் கட்டுரை கேட்டிருந்தார்கள். 'மின்சாரக் கார் அன்றாடத்துக்கு உதவுமா?' என்று தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள். இந்தத் தெருவில் முதலில் வாங்கியது நான் என்பதால் எனக்கு அந்தப் பெருமை. இப்படித் தொடங்கினேன்:

[மின்சாரக் கார் உள்ளூர் ஓட்டத்துக்கு மிகவும் ஏற்றது. சந்தை, மருத்துவமனை, வங்கி, ரயில் நிலையம் என்று நாளுக்கு இருபது கிலோமீட்டர் ஓட்டுகிறவர் வாரத்துக்கு ஒருமுறை சார்ஜ் போட்டால் போதும். சத்தம் இல்லை. புகை இல்லை. வெளியூர் போவதானால் மட்டும், போய்ச் சேரும் இடத்தில் ஒரு]

அந்த 'ஒரு'வில் பேனா நின்றுவிட்டது. ஒரு பிளக் இருக்க வேண்டும் என்று எழுதலாம். ஒரு வேண்டியவர் இருக்க வேண்டும் என்பதுதான் சரி. அதை எழுதினால் கட்டுரை என்னை எந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்தும் என்று தெரிந்துதான் நிறுத்தினேன். ஆனாலும் அங்கேதான் வந்து நிற்கிறேன்.

இன்று புதன்கிழமை. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பெரியவரின் தங்கையும் அவள் கணவரும் மகளோடு இருப்பதற்காக வெளிநாடு போகிறார்கள். திரும்பி வரும் எண்ணம் இல்லை. ஒன்பது நாள் இருக்கிறது. அதற்குள் கதையை முடித்துவிடலாம்.

2

அந்தப் பெரியவர் யார் என்று நீங்கள் மூளையைக் கசக்க வேண்டாம். நான்தான். ஆனாலும் 'அவர்' என்றே எழுதப் போகிறேன். எங்கள் குடும்பத்து ஆண்கள் 'நான்' என்று தொடங்கித் தப்பை ஒப்புக்கொண்ட வழக்கமில்லை.

பெரியவர் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்துநான்கு ஆண்டுகள் ஊரார் நிலத்தில் எல்லைக்கல் நட்டவர். அப்பா சீக்கிரமே போய்விட்டதால் பதினான்கு வயது இளைய தங்கைக்கு அவரே அப்பா. அவள் படிப்பு, துணிமணி, பல்வலி எல்லாம் அவர் பொறுப்பு. அவளுக்கு இருபத்தைந்து வயதானபோது வீட்டுக்குப் புது வயரிங் செய்ய ஒரு வயர்மேன் வந்தார். மூன்றாவது வாரம் வேலை முடிந்தது. நான்காவது வாரம் தங்கை வீட்டில் இல்லை.

அது நடந்து இருபத்தேழு வருடம். இந்த இருபத்தேழு வருடத்தில் பெரியவர் அந்த மனிதரைப் பெயர் சொல்லியோ உறவு சொல்லியோ குறிப்பிட்டதில்லை. 'வயர்மேன்' என்பார். அதுவும் எப்போதாவது, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

[அவர் நல்லவரா கெட்டவரா என்று விசாரிக்கவில்லையா என்று கேட்பீர்கள். விசாரித்தார். நல்லவர் என்றே எல்லோரும் சொன்னார்கள். அது பெரியவருக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. கெட்டவராக இருந்திருந்தால் தங்கை என்றைக்காவது அழுதுகொண்டு திரும்பி வந்திருப்பாள். இந்த வரியை வெட்டிவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.]

போன மாதம் தங்கை போன் செய்தாள். பெரியவரின் மனைவிதான் எடுத்தாள். எப்போதும் அவள்தான் எடுப்பாள். இந்த முறை போனை அவரிடம் நீட்டிவிட்டாள்.

"அண்ணா, வீட்டைக் காலி பண்றோம். போறதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்துட்டுப் போங்க. நீங்க வந்த வீடுன்னு இருக்கட்டும்."

"பார்க்கலாம்" என்றார்.

3

வீட்டிலிருந்து தங்கை வீடு நூற்று நாற்பது கிலோமீட்டர். வண்டி ஒரு முழு சார்ஜில் இருநூற்றைம்பது போகும் என்று காகிதத்தில் இருக்கிறது. ஏசி போட்டு, நெடுஞ்சாலையில், இரண்டு பேர் உட்கார்ந்து போனால் நூற்றெண்பத்தைந்து. (சங்க இதழ் வாசகர்கள் இந்த ஒரு வரியை மட்டும் குறித்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடலாம்.)

வழியில் ஒரே ஒரு சார்ஜிங் நிலையம், தங்கை வீட்டுக்கு முப்பத்துநான்கு கிலோமீட்டர் முன்னால்.

"இங்கயே கொஞ்சம் போட்டுட்டுப் போயிடலாம்" என்றாள் மனைவி.

"திரும்பி வரும்போது போட்டுக்கலாம்."

"அங்க போய் அவங்ககிட்ட கேக்கற மாதிரி ஆயிடப் போகுது."

"ஆகாது."

தங்கை வீட்டு வாசல் குறுகல். வயர்மேன் ஓடிவந்து ஓட்டுநர் ஜன்னல் பக்கம் நின்று வழிகாட்டினார். தலை முழுக்க நரைத்துவிட்டிருந்தது. "வாங்க சார், வாங்க. கொஞ்சம் வலது பக்கம் ஒடிங்க. இன்னும் வரலாம். போதும் சார்."

சார். இருபத்தேழு வருடத்துக்கு முன்னால் ஏணியும் துளையிடும் கருவியுமாக உள்ளே வந்தபோது என்ன சொன்னாரோ அதையே சொன்னார். மச்சான் என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. பெரியவர் திருத்தவில்லை.

இறங்கியதும் பெரியவர் கண்ணில் பட்டது சுவர்தான். கேட்டுக்குப் பக்கத்தில் மூடி போட்ட புது பிளக் பெட்டி. சுற்றிப் பூசிய சிமென்ட்டுக்கு இன்னும் வண்ணம் அடிக்கவில்லை. அதிலிருந்து தடித்த வயர் ஒன்று சுவரோரமாக ஓடி மீட்டர் வரை போயிற்று. கிளிப்புகள் சாண் இடைவெளியில், ஒன்று கூடக் கோணாமல். அளந்தே பழகிய கண் அதை ரசித்தது; ரசித்ததற்காக உடனே வெட்கப்பட்டது.

இரண்டு வாரத்தில் பூட்டப் போகும் வீட்டுக்கு யாராவது புது லைன் இழுப்பார்களா?

"உங்களுக்காகத்தான் அண்ணா" என்றாள் தங்கை. அவள் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. "எர்த் எல்லாம் தனியா போட்டிருக்கார். இப்ப மாட்டினா ராத்திரிக்குள்ள நெறஞ்சிடும். இருந்து, சாப்ட்டு, தூங்கி, காலைல போங்க. எவ்வளவு இருக்கு வண்டியில?"

இந்த இடத்தில் பெரியவர் பொய் சொன்னார். எண் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஐம்பது என்றால் சந்தேகம் வரும் என்று நினைத்திருக்கலாம்.

வயர்மேன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "சரி சார். அறுபத்திரண்டு இருந்தா தாராளமா போகலாம்" என்றார்.

நாற்பது நிமிடம் இருந்தார்கள். அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து பெரியவர் பாதித் தேநீர் குடித்தார். மூட்டுவலியைப் பற்றிப் பேசினார்கள். மழையைப் பற்றிப் பேசினார்கள். தங்கை இரண்டு முறை எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தாள்.

4

[கதையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கட்டுரைக்குப் போகிறேன். இன்று சனிக்கிழமை, ஆறு நாள் இருக்கிறது.]

பெட்ரோல் வண்டி ரோஷக்காரர்களுக்கு வசதியானது. யார் வீட்டுக்கும் போகலாம், வாசலில் நிறுத்தலாம், என்ஜினை அணைக்காமலே பேசிவிட்டுத் திரும்பலாம். எதுவும் கேட்க வேண்டியதில்லை. மின்சார வண்டி அப்படி விடாது. போன இடத்தில் ஏழெட்டு மணி நேரம் உட்காரு என்கிறது. சாப்பிடு, தூங்கு, அவர்கள் வீட்டுத் தலையணையில் தலையை வை என்கிறது. அன்றாட ஓட்டுநர் எத்தனை வீடுகளில் அப்படி உட்கார முடியும் என்று தனக்குத் தானே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது.

பேருந்து இருக்கிறதே என்று ஒரு வாசகர் முணுமுணுப்பது காதில் விழுகிறது. இருக்கிறது. காலை ஆறு மணியிலிருந்து அரை மணிக்கு ஒன்று. இருபத்தேழு வருடமாக இருக்கிறது. ஆகவே வண்டிமேல் பழி போட எனக்கு வழியில்லை.

5

திரும்பும் வழியில் ஏசியை அணைத்துவிட்டு ஜன்னல்களைத் திறந்தார்கள். மனைவியின் முடி முகத்தில் அடித்தது.

"அறுபத்திரண்டு சதவீதத்துல காத்து நல்லா வருது" என்றாள்.

பெரியவர் வண்டியின் மீட்டரிலேயே கண்ணை வைத்திருந்தார். பதினெட்டு. பதினைந்து. பதினொன்று. பின்பார்வைக் கண்ணாடியில் ஒரு ஸ்கூட்டர் தெரிந்துகொண்டே இருந்தது. வேகத்தைக் குறைத்தால் அதுவும் குறைத்தது. லாரி குறுக்கே வந்தால் மறைந்து, மறுபடி தெரிந்தது.

ஆறு சதவீதத்தில் சார்ஜிங் நிலையம் வந்தது. இரண்டு இயந்திரங்களில் வேகமானதன்மேல் 'பழுது' என்று காகிதம் ஒட்டியிருந்தது. மற்றதில் மாட்டினால் வீடு போய்ச் சேர நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும். மாட்டினார். நிமிர்ந்தபோது சாலைக்கு அந்தப் பக்கம், பெட்டிக்கடை நிழலில், அந்த ஸ்கூட்டர்.

"யாருன்னு தெரியுதா?" என்றாள் மனைவி.

"யாரோ."

"யாரோதான். ஜன்னல்கிட்ட நின்னு வழி சொல்லும்போதே வண்டி மீட்டரைப் பார்த்துட்ட யாரோ. வழியில வண்டி நின்னுடக் கூடாதேன்னு பின்னாடியே வந்த யாரோ." பிறகு சொன்னாள்: "மாப்பிள்ளைன்னு ஒரு வார்த்தை. சொன்னா நாக்கு தேஞ்சா போயிடும்?"

வண்டியின் மூக்கில் பச்சை விளக்கு எரிந்தது. அதைப் பார்த்த பிறகுதான் வயர்மேன் ஹெல்மெட்டை மாட்டினார். பெரியவர் குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த செருப்பு வாரை மறுபடி கட்டினார். நிமிர்ந்தபோது கடை நிழல் காலியாக இருந்தது.

நான்கு மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தார்கள், ஒரு தகரக் கூரைக்கு அடியில். அந்த நான்கு மணி நேரத்தைத் தங்கை வீட்டிலேயே உட்கார்ந்து கழித்திருக்கலாம்.

6

இந்தக் கதைக்குச் சில முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: பெரியவர் செருப்பு வாரை விட்டுவிட்டு நிமிர்ந்து சாலையைக் கடக்கிறார். இருவரும் கடையில் ஆளுக்கொரு தேநீர் குடிக்கிறார்கள். [எழுதும்போதே கூச்சமாக இருந்தது. நடக்காததை நடந்ததாக எழுதி நல்ல பெயர் வாங்குவதா?]

இரண்டாம் முடிவு: மறுநாள் போன் செய்கிறார். "அந்த கிளிப்பெல்லாம் நல்லா வரிசையா அடிச்சிருந்தீங்க" என்கிறார். [இது நடந்திருக்கலாம். எண்ணைக்கூட அழுத்தினேன். மணி அடிக்கும் முன்]

மூன்றாம் முடிவு: வண்டியை நிறைத்துக்கொண்டு மறுபடி போகிறார், இரண்டு நாள் தங்குகிறார், பெட்டி கட்ட உதவுகிறார். இதை மூன்று பக்கம் எழுதினேன். பெட்டிகளின்மேல் யார் கையெழுத்தில் விலாசம் எழுதுவது என்பது வரை எழுதினேன். எழுதி முடித்தபோது செவ்வாய்க்கிழமை ஆகியிருந்தது.

மனைவி தாள்களை எடுத்துப் படித்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"வயர்மேன், வயர்மேன்னு எத்தனை தடவைங்க எழுதுவீங்க?"

"கதையில ஆளைக் குறிக்க ஏதாவது ஒண்ணு வேணுமில்ல."

"சரி. நம்ம வீட்ல வண்டிக்கு சார்ஜ் போடறீங்களே, பின்கட்டு மோட்டார் லைன்ல. அது யார் இழுத்த லைன்?"

நான் பேனாவை மூடினேன்.

"வருஷம் இருபத்தேழு ஆச்சு. ஒரு தடவை ஃபியூஸ் போயிருக்கா? அவர் வீட்ல அவர் போட்ட வயர் ஆகாது. இங்க மட்டும் இனிக்குது. இதையும் எழுதுங்க. எழுதறதுக்குத்தான் நாள் இருக்கே உங்களுக்கு."

எழுதிவிட்டேன். அதற்கும் ஒரு நாள் ஆயிற்று.

7

வெள்ளிக்கிழமை. காலை எட்டரை. வண்டியில் நூறு சதவீதம் இருக்கிறது.

அவர்கள் பன்னிரண்டு மணிக்கு வீட்டைப் பூட்டுகிறார்கள். இப்போது கிளம்பினால் பதினொன்றரைக்குப் போய்ச் சேரலாம். அரை மணி நேரத்தில் அந்தப் பிளக் எத்தனை சதவீதம் ஏற்றும் என்று தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டேன். ஐந்துகூட வராது. ஒன்பது நாளில் எப்போது போயிருந்தாலும் ஒரு இரவு முழுக்க இருந்திருக்கலாம்.

மனைவி போனை ஒலிபெருக்கியில் போட்டு என் தாளின்மேல் வைத்தாள்.

"அண்ணா, கேக்குதா?" பின்னால் டேப் கிழிக்கும் சத்தம். "அண்ணி சொன்னாங்க, கிளம்பலாமான்னு யோசிக்கறீங்களாமே. வேணாம் அண்ணா. வந்தவுடனே பிரியணும். எனக்குத் தாங்காது."

பிறகு கொஞ்சம் தள்ளியிருந்து அந்தக் குரல் வந்தது, அவளிடம் சொல்வதுபோல, ஆனால் எனக்குக் கேட்கும்படி. "சார்கிட்ட சொல்லு, வெளிய இருக்கற பிளக்கை நான் எடுக்கல. புதுசா குடி வர்றவங்ககிட்ட பேசி வச்சிருக்கேன். இந்தப் பக்கம் எப்பவாவது வந்தா நிறுத்திப் போட்டுக்கட்டும். யாரையும் கேக்க வேண்டியதில்ல."

யாரையும் கேட்க வேண்டியதில்லை. என் வாழ்நாள் முழுக்க நான் விரும்பிய வசதி. அந்த வாசலில் இனி தாராளமாக நிறுத்தலாம். உள்ளே தெரிந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

"அண்ணா? லைன்ல இருக்கீங்களா?"

போன் தாளை அழுத்திக்கொண்டு கிடக்கிறது. அதைச் சுற்றி எழுதுகிறேன். வினாடிகள் ஏறுகின்றன. மூன்று நிமிடம் பன்னிரண்டு. பதினைந்து. அவர்கள் வைக்கவில்லை. டேப் கிழிக்கும் சத்தமும் நின்றுவிட்டது. மனைவி பேனாவைப் பிடுங்கக் கை நீட்டுகிறாள். பிடுங்கிய பிறகு என் வாய் திறந்ததா என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். இந்த வாயைப் பற்றி இதுவரை சொன்னதை வைத்து நீங்கள் எந்த முடிவுக்கு வந்தாலும் நான் மறுக்க மாட்டேன். பேசும் முன் அந்தச் சொல்லைத் தாளில் ஒருமுறை எழுதிப் பார்த்துக்கொள்கிறேன், மாப்