தேக்கு கிடைக்காத வீடு

மயிலாத்தாளின் குதிகால்கள் கெட்டுப்போனதற்குத் தன் கம்பெனியின் சிமெண்டுத் தரைதான் காரணம் என்பது ஆத்தப்பனுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் நாலு மிஷினோடு பனியன் கம்பெனி ஆரம்பித்தபோது, செக்கிங் பார்த்து மடித்து அடுக்க அவள்தான் நின்றாள். வருசக்கணக்கில், வெறுங்காலோடு. இப்போது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்றில், சரக்கு ஜெர்மனிக்குப் போகிறது. அவளால் காலையில் கட்டிலைவிட்டு இறங்கிக் கால் ஊன்ற முடிவதில்லை. குளிர்ந்த தரை ஆகவே ஆகாது என்றார் கோயமுத்தூர் டாக்டர். வீட்டுக்குள் செருப்புப் போட அவள் சம்மதிக்கவில்லை.

அதனால்தான் கட்டிக்கொண்டிருந்த புது வீட்டின் படுக்கையறைக்கு மரத்தரை போட நினைத்தார். காரணத்தை அவளிடம் சொல்லியிருக்கலாம். அப்படியெல்லாம் சொல்லிப் பழகிய மனிதரில்லை. அவளிடமும் ஆசாரி நஞ்சப்பனிடமும், "சரக்கு வாங்கற ஜெர்மனி பையருங்க வந்தா மதிப்பா இருக்குமல்ல" என்று மட்டும் சொன்னார்.

நஞ்சப்பன் தேக்கு, வேங்கை, வாகை என்று ஒவ்வொன்றிலும் ஒரு பலகை கொண்டுவந்து கொடுத்தார். புதுத் துணி வந்தால் செய்வதைத்தான் ஆத்தப்பன் செய்தார். அளவெடுத்துக் குறித்துக்கொண்டு, மூன்றையும் துணி வெளுக்கும் பிளீச்சிங் பட்டறைக்கு அனுப்பி, சுடுதண்ணீரில் ஊறவைத்து வெயிலில் உலர்த்தி வாங்கினார்.

கம்பெனியின் கட்டிங் டேபிளில் கிடந்த பலகைகளைப் பார்த்து நஞ்சப்பன் தலையில் கைவைத்தார்.

"ஏனுங்க, மரத்தைப் போயி பனியனாட்டம் அலசிப் போட்டிருக்கறீங்க!"

"சுருங்குதா, சாயம் போகுதான்னு பாக்கோணுமல்ல?"

வாகை முறுக்கிக்கொண்டிருந்தது. வேங்கை ஊறிய தண்ணீர் டிகாஷனாட்டம் சிவந்துபோனதாகப் பட்டறையிலிருந்து சொல்லியனுப்பியிருந்தார்கள். தேக்கு மட்டும் போனபடியே வந்திருந்தது.

"தேக்கே போட்டுரு, நஞ்சப்பா."

அப்போதுதான் உள்ளே வந்த மயிலாத்தாள், "தேக்கு ஆகாதுங்க" என்றாள். "அடுத்த வாரம் தேக்குலதான வாசக்கால் வெக்கறோம்? மஞ்சப் பூசிப் பொட்டு வெச்சுக் கும்பிடற மரத்தைக் கால்ல மிதிக்கறதா?"

"அது வேற பலகை."

"பலகை வேறதானுங்க. மரம் ஒண்ணல்ல?"

அடுத்த அறையில் தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆத்தப்பன் மூன்று பலகைகளையும் எடுத்துத் தரையில் வரிசையாகப் போட்டார்.

"ஏறி நின்னு பாரு."

"நான் எதுக்குங்க நிக்கோணும்? பையருக்குத்தான போடறீங்க! படுக்கற ரூமுக்குள்ள அவனை எதுக்குக் கூட்டிப்போறீங்கன்னுதான் தெரியல."

நஞ்சப்பன் சிரிப்பை அடக்கத் துண்டால் வாயைத் துடைத்தார். ஆத்தப்பன் சிரிக்கவில்லை. அவருடைய கண் அவள் குதிகால்களிலேயே இருந்தது. அவர் எங்கே பார்க்கிறார் என்பதை மயிலாத்தாள் பார்த்துவிட்டாள். ஏதோ கேட்க வந்தவள் கேட்காமல் செருப்பைக் கழற்றினாள்.

வேங்கை சில்லென்றிருந்தது; கால் வைத்ததும் எடுத்துக்கொண்டாள். வாகைப் பலகை ஆடியது. தேக்கில் ஏறி, முதலில் விரல்களை ஊன்றினாள். பிறகு மெதுவாகக் குதிகாலை இறக்கினாள். முகம் சுளிக்கவில்லை. அப்படியே நின்றாள்.

இறங்கும்போது ஆத்தப்பனைப் பார்க்காமல் நஞ்சப்பனிடம் சொன்னாள்: "வாசக்காலை வேங்கையில செஞ்சுருங்க, ஆசாரியாரே."

"தேக்குல அறுத்தே வெச்சாச்சுங்களே!"

"இன்னும் பொட்டு வெக்கலயல்ல? அதையும் இழைச்சுத் தரைக்கே போட்டுருங்க."

வாசக்கால் வைத்த அன்று காலையில் சொந்தபந்தமெல்லாம் வந்திருந்தது. ஆத்தப்பனின் பெரியப்பா மகன் வெள்ளியங்கிரி, வேங்கையைத் தட்டிப் பார்த்துவிட்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஏப்பா, எக்ஸ்போர்ட்டுக்காரன் ஊட்டு வாசலுக்கு ஒரு தேக்குக்குக் கூடவா வக்கில்ல?"

ஆத்தப்பன் மஞ்சள் கிண்ணத்தை மயிலாத்தாள் பக்கம் நகர்த்தினார்.

"நல்ல தேக்கா கெடைக்கலீங்க, மாமா" என்ற மயிலாத்தாள், மஞ்சளைக் குழைக்கத் தொடங்கினாள்.