கொட்டகையிலிருந்து தப்பிய நாற்காலி

அன்று அந்த ஓசூர் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: வீட்டுக்காரர் அப்துல் சலாம், அவர் தங்கை ரோஷன் பீ, தன் மகனுக்குப் பெண் கேட்டு வந்த அக்பர் பாஷா, அவரை அழைத்து வந்த பேரிகை ஊர்க்காரர் கிருஷ்ணப்பன். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த கல்யாணப் பெண், சலாமின் மகள் சுக்ராவையும் சேர்த்தால் ஐந்து.

கிருஷ்ணப்பன் ஒரு காலத்தில் பேரிகை டூரிங் கொட்டகையில் டிக்கெட் கிழித்தவர். அந்த இடத்தில் இப்போது லாரி ஷெட் வந்துவிட்டது என்று சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது.

"அந்த மணலு, அந்த முறுக்கு... அதெல்லாம் இனிமே வருமா பாய்?"

"எது, பெஞ்சுல இருந்த மூட்டப்பூச்சியா?" என்றார் சலாம்.

வெற்றிலை எச்சில் ஊறிய மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து, படுதாக் கிழிசல் வழியாக வந்த மூத்திர வாடையை மோந்துகொண்டு, படம் அறுந்தால் ஆபரேட்டரின் அம்மாவை இழுத்துத் திட்டிய கூட்டம், இன்று அதைச் சொர்க்கம் என்கிறது. அற்பங்கள். சலாமின் அத்தா கௌஸ் மொய்தீன் அந்த மணலிலும் உட்கார்ந்ததில்லை, பெஞ்சிலும் உட்கார்ந்ததில்லை. வீட்டுத் தேக்கு நாற்காலியை ஆள் தலையில் ஏற்றி முன்னால் அனுப்பிவிட்டு, பிள்ளைகளோடு பின்னால் நடந்து வருவார். இடைவேளையில் இஷா என்னும் இரவுத் தொழுகைக்குப் பள்ளிவாசல் போவார். போகும்போது பதின்மூன்று வயது மகனிடம் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "நாற்காலிய பாத்துக்கோ. ஒருத்தனும் ஒக்காரக் கூடாது." பக்கத்தில் மணலில் ஆறு வயது ரோஷன் விளையாடிக்கொண்டிருப்பாள்.

இப்போது அதே நாற்காலியில்தான் அக்பர் பாஷா உட்கார்ந்திருந்தார். அவர் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார்.

"இதானா அது? எங்க பக்கம் உங்கள நாற்காலி வூடுன்னுதான் சொல்றாங்க. தப்பா நெனச்சுக்காதீங்க பாய். பெத்த புள்ளைய வுட்டுட்டு ஓடுன வூட்டுல பொண்ணெடுக்கறதான்னு எங்க வூட்ல யோசிக்கறாங்க."

கிருஷ்ணப்பன் சிரித்துவிட்டார். "எழுபதுல கொட்டகை பத்திக்கிச்சே, அப்ப நடந்தது. அவனவன் புள்ளைங்கள தூக்கிக்கினு ஓடுனா, கௌஸ் பாய் நாற்காலிய தூக்கிக்கினு ஓடிட்டாரு. இந்த ரோஷன் பாப்பாவ நான்தான் உள்ள பூந்து தூக்கியாந்தேன்."

"அவர் தூக்கனத நீ பாத்தியா?" என்றார் சலாம்.

"பொகையில இன்னா தெரியும்? வெளிய வந்தா நாற்காலி கெடந்துச்சு. ஊரே சொல்லுச்சு."

ஊர்தான் சொன்னது. பஜாரில் முகத்துக்கு நேரே கேட்டார்கள். அத்தா மறுத்ததில்லை. மகன் பக்கம் திரும்பியும் பார்த்ததில்லை. ஆனால் சாகும்வரை அந்த நாற்காலியில் அவர் உட்காரவில்லை. தங்கையைத் தூக்கி வந்த இந்த மனிதரை சலாம் இருபத்தொன்பது வருஷமாக ஒரு வாய் டீக்குக்கூடக் கூப்பிட்டதில்லை. கொட்டகைக்காரன் என்று ஒதுக்கி வைத்திருந்தார்.

பொய் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். யாரும் நிரூபிக்க முடியாது.

ரோஷன் பீ டீ டம்ளரை நீட்டினாள். முக்காடு நழுவி, முழங்கைக்கு மேல் பளபளவென்று சுருங்கிய தோல் தெரிந்தது. இழுத்து மூடிக்கொண்டாள். அண்ணனைப் பார்க்கவில்லை.

சலாம் எழுந்து நின்றார். முதுகு எப்போதும்போல விறைப்பாகத்தான் இருந்தது.

"ஊர் சொல்றது தப்பு. அத்தா அப்ப பள்ளிவாசல்ல இருந்தாரு. நாற்காலிய தூக்கிக்கினு ஓடுனது நான்."