பதினைந்து நாள் மரியாதை

எனக்கு வாய் நீளம். கடையின் மூன்று தளத்துக்கும் அது தெரியும். மேனேஜரே என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் முதலில் தொண்டையைச் செருமிக்கொள்வார். அன்று காலை அவர் செருமவில்லை. ஒரு தாளை நீட்டி, "படிச்சிட்டு வேலையைப் பாருங்க" என்றார்.

முந்தின நாள் மதியம், ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் கல்லூரி கேண்டீனுக்குள் ஒரு பையன் துப்பாக்கியோடு நுழைந்திருந்தான். ஒன்பது பேர் போய்விட்டார்கள். கடைசியில் அவனும். என் அக்கா மகள் அங்கேதான் படிக்கிறாள். சமையலறை ஜன்னல் வழியாகக் குதித்துத் தப்பித்தாள். கை முறிந்ததோடு போயிற்று. ஆனால் அன்றிலிருந்து யாராவது கதவைச் சாத்தினாலே தூக்கிவாரிப் போடுகிறது அவளுக்கு.

தாள் தலைமை அலுவலகத்திலிருந்து வந்தது. அட்டையில் துப்பாக்கிப் படம் போட்ட வீடியோ கேம் எல்லாவற்றையும் கடை திறப்பதற்குள் அலமாரியிலிருந்து எடுத்துவிட வேண்டும். பதினைந்து நாளைக்கு. யாராவது கேட்டால் 'மரியாதை நிமித்தம்' என்று சொல்ல வேண்டும், அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது.

கேம்ஸ் பிரிவுக்கு நான்தான் பொறுப்பு.

"அட்டையில துப்பாக்கி இருந்தா எடுக்கணும். கத்தி இருந்தா?" என்று கேட்டேன்.

"கத்தியைப் பத்தி ஒண்ணும் போடலையே."

"மாடியில ஏர்கன் விக்கிறோமே, அது?"

"அது ஸ்போர்ட்ஸ் செக்‌ஷன். உங்க செக்‌ஷனை மட்டும் பாருங்கம்மா, தலை வலிக்குது."

எங்கள் அலமாரியில் நிற்பவை காலி டப்பாக்கள்தான். டிஸ்க் எல்லாம் கவுன்டருக்குப் பின்னால் பூட்டிய இழுப்பறையில் இருக்கும். எடுக்கச் சொன்னதும் டப்பாக்களை மட்டும்தான். பெயர் சொல்லிக் கேட்டு வருபவர்களுக்கு வழக்கம்போல் கொடுக்கலாம் என்று தாளின் கடைசி வரியில் சின்ன எழுத்தில் இருந்தது. படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. என்ன செய்ய? நாற்பத்திரண்டு டப்பாவையும் எடுத்து அட்டைப்பெட்டியில் போட்டேன். கால்பந்தையும் கார் பந்தயத்தையும் பரப்பி வைத்துப் பார்த்தும் நடுவில் மூன்று தட்டுகள் காலியாகவே கிடந்தன.

வாசலில் வெள்ளைத் துணி விரித்த மேஜை போட்டார்கள். ஒன்பது பேர் பெயரும் அச்சடித்த அட்டை, பக்கத்தில் கையெழுத்துப் போட ஒரு நோட்டுப் புத்தகம்.

மூன்றாம் நாள் அந்தப் பெண் வந்தாள். பத்து மணிக்குக் கதவு திறந்ததும் நேராக என் பிரிவுக்கு வந்து காலித் தட்டுகளுக்கு முன்னால் நின்றாள். என்னைவிட ஐந்தாறு வயது சிறியவளாக இருப்பாள். ஸ்வெட்டரை உள்பக்கம் வெளியே தெரிய மாட்டியிருந்தாள்.

"எல்லாத்தையும் எடுத்துட்டீங்களாக்கா?"

"எடுத்துட்டோம்மா."

"மேல இருந்தே சொன்னாங்களா?"

"ஆமா, ஹெட் ஆபீஸ்லேர்ந்து."

தலையை ஆட்டிக்கொண்டாள். பத்து நிமிஷம் நின்றுவிட்டுப் போனாள். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். "அந்தக் காலேஜாம்மா?" என்று மெதுவாகக் கேட்டேன். "என் பையன்" என்றாள். அதற்கு மேல் கேட்க எனக்கே வாய் வரவில்லை. ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டேன். தண்ணீர் கொடுத்தேன்.

ஏழாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. பில் போடும் பெண்ணிடம் போய்ச் சத்தம் போட்டேன். ஊர்ச் சேதியெல்லாம் அவளிடம்தான் முதலில் வரும், அதனால் ரேடியோ என்று கூப்பிடுவோம்.

"பெத்தவ ஒருத்தி தினமும் வந்து நிக்கிறா. நாம பாட்டுக்கு பில் போட்டுக்கிட்டிருக்கோம். மனுஷங்களா நாம? எல்லாரையும் கூப்பிடு!"

வாசலில் இருந்த நோட்டையும் பெயர் அட்டையையும் நானே தூக்கி வந்தேன். ஏழெட்டுப் பேர் அவளைச் சுற்றிக் கைகட்டி நின்றார்கள். மேனேஜர்கூட வந்தார். அட்டையை அவள் மடியில் வைத்தேன். ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தாள். ஒன்பதையும் படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

"உங்க பையன் பேரு எதும்மா?"

"இதுல இல்லக்கா."

"விட்டுட்டாங்களா? பாரு, இவங்க லட்சணத்தை!" மேனேஜரை முறைத்துவிட்டுப் பேனாவைத் திறந்தேன். "நீங்க சொல்லுங்கம்மா. நானே எழுதறேன்."

"எழுத மாட்டீங்கக்கா."

"ஏன் எழுத மாட்டேன்? எவன் தடுக்கிறான்னு பாக்கறேன். சொல்லுங்க."

"அவன்தான்க்கா சுட்டது."

ரேடியோ இரண்டடி பின்னால் போனாள். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் நழுவினார்கள். எனக்கு முதலில் வந்தது அவமானம், அடுத்த நொடியே கோபம். அவள் மடியிலிருந்த அட்டையைப் பிடுங்கினேன்.

"எழுந்திரிங்க."

எழுந்தாள். நாற்காலியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். "எங்க அக்கா பொண்ணு அங்கதான் இருந்தா. ஜன்னல்ல குதிச்சு உயிர் தப்பிச்சா. யார்கிட்டேர்ந்துன்னு தெரியுதா?"

"இப்ப நல்லா இருக்காளாக்கா?"

"அதை நீங்க கேக்காதீங்க."

அதோடு வரமாட்டாள் என்று நினைத்தேன். மறுநாள் பத்து மணிக்கு வந்தாள். நாற்காலி இல்லை. அவள் எதிர்பார்க்கவும் இல்லை. நான்கு நாள் நான் அவள் பக்கம் திரும்பவே இல்லை. ஐந்தாம் நாள் வாய் சும்மா இருக்கவில்லை.

"எதுக்குத்தான் தினமும் வந்து நிக்கிறீங்க? இங்க என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லக்கா. ஒண்ணும் இல்லைங்கறதைப் பாக்கத்தான் வர்றேன்." தட்டுகளைக் காட்டினாள். "அந்த கேமை நான்தான் வாங்கிக் குடுத்தேன், அவன் பரீட்சை பாஸ் பண்ணினதுக்கு. இங்கதான் வாங்கினேன். இவ்வளவு பெரிய கம்பெனி, தெரியாமலா எடுப்பாங்க? இதுல ஏதோ இருக்கு. அதுதான் அவனைப் பிடிச்சு ஆட்டிருக்கு. இல்லன்னா என் புள்ளை எறும்பைக்கூட மிதிக்க மாட்டான்க்கா. எங்க வீட்டுக்காரர் என்கிட்ட பேசறதில்ல. கூடப்பிறந்தவங்க போனை எடுக்கறதில்ல. நீங்க மட்டும்தான் அவன் மேல முழுப் பழியும் போடாம இதை எடுத்து வெச்சீங்க."

இந்தப் பன்னிரண்டு நாளில் இழுப்பறையிலிருந்து முப்பத்தோரு கேம் விற்றிருந்தோம். அவன் ஆடிய கேம் எது என்று செய்தியில் வந்ததால் அதன் பெயரைச் சொல்லியே கேட்டு வந்தார்கள். அவள் எனக்கு முதுகைக் காட்டி நிற்கும்போதே இரண்டு விற்றிருக்கிறேன்.

பதினாறாம் நாள் காலை அடுத்த தாள் வந்தது. எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைக்க வேண்டும். அந்த கேமின் புது பாகம் ஒன்று வந்திருப்பதால் அதைக் கண்ணுக்கு நேரான தட்டில் வைக்க வேண்டும்.

மேனேஜர் அறைக்குப் போனேன். "இன்னும் ஒரு வாரம் போகட்டும் சார்."

"எதுக்கு? அந்தப் பொம்பளைக்காகவா?" அவருக்கே ஆச்சரியம். "உங்க அக்கா பொண்ணு..."

"அது எனக்குத் தெரியாதா? ஒரு வாரம் கேட்டேன். முடியுமா, முடியாதா?"

"அலமாரியைப் படம் எடுத்து அனுப்பணும்மா. பத்து மணிக்குள்ள. எல்லாக் கடையும் அனுப்பிட்டாங்க."

அனுப்பினோம். நாற்பத்திரண்டு டப்பாவையும் என் கையாலேயே அடுக்கினேன். புதியதை நடுவில் வைத்தேன். வாசலில் மேஜையும் இல்லை, நோட்டும் இல்லை.

பத்து மணிக்கு வந்தாள். நான் எதிரே போய் மறித்து நின்றேன். "இன்னைக்கு வேணாம்மா, வீட்டுக்குப் போங்க" என்றேன். அவள் என் தோளுக்கு மேலாகப் பார்த்துவிட்டாள்.

"திரும்ப வெச்சிட்டீங்களா?"

"ஆமா."

"அப்ப இதனால இல்லையாக்கா? விசாரிச்சுப் பாத்துட்டாங்களா?"

'கம்பெனிக்காரனுக்குப் பணத்தாசை, அதனால வெச்சிட்டான், இதனாலதான் எல்லாம்' என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள். வாய் வரைக்கும் வந்தது. எங்கள் வீட்டுப் பெண் கையில் கட்டோடு மூலையில் உட்கார்ந்திருக்கிறாள். அவளிடமும் யாரும் காரணம் சொல்லவில்லை. பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"யாரும் எதையும் பாக்கலம்மா. அப்பவும் இழுப்பறையில இருந்துச்சு. கேட்டவங்களுக்குக் குடுத்துக்கிட்டுதான் இருந்தோம். சும்மா ஒரு பேச்சுக்கு எடுத்து வெச்சோம்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

"இத்தனை நாளும் அதை நம்பித்தான்க்கா ஒரு வாய் சோறு உள்ள போச்சு."

அவள் உதடு அசைந்தது. முதலில் சத்தமே வரவில்லை. பிறகு வந்தது, யாரோ கட்டாயப்படுத்திச் சொல்ல வைப்பதுபோல. "அப்ப என் புள்ளைதான். அவனேதான் பண்ணிருக்கான்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். புது கேம் வாங்க வந்த இரண்டு பேர் எங்களைச் சுற்றிக்கொண்டு போய் டப்பாவை எடுத்துக்கொண்டார்கள். கவுன்டரிலிருந்து ரேடியோ, "அக்கா, சாவி" என்று கூப்பிட்டாள்.

நான் போகவில்லை. அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன். அவன் மேல் எனக்கு இருந்த கோபம் ஒரு துளிகூடக் குறையவில்லை. அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டேன்.