பம்ப்புக்குப் பின்னால்

என் மனைவி செத்து ஏழு வாரம் ஆகிறது. அவளுடைய தலையணை உறையை மட்டும் நான் யாரையும் தொடவிடவில்லை. அதில் அவள் தலைமுடியின் வாசனை இருந்தது. அதிலும் பாதிக்கு மேல் போய்விட்டது. போன வாரம் மாமியார், "மாப்ள, அழுக்கா கெடக்கு, தொவைச்சுப் போட்டுடவா?" என்று கேட்டார். நான் கத்திய கத்தலில், பாவம், அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

அவர் துவைத்திருந்தால் அவரையாவது திட்டிக்கொண்டிருந்திருப்பேன்.

காபித் தூள் பாக்கெட் போடும் இடத்தில் வேக்குவம் மெஷின் என் பொறுப்பு. பையைப் பெட்டிக்குள் வைத்துக் கண்ணாடி மூடியை அழுத்தினால் பம்ப் உள்ளே இருக்கும் காற்றை எல்லாம் இழுத்துவிடும். பை செங்கல் மாதிரி இறுகி, வாய் ஒட்டிக்கொள்ளும். "காத்துதான் எமன். அத எடுத்துட்டா ஒரு வருஷம் ஆனாலும் வாசனை அப்படியே இருக்கும்" என்று புதிதாக வருகிறவர்களிடம் பன்னிரண்டு வருடமாக அளந்துகொண்டிருக்கிறேன்.

சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வெளியே போனதும் பெட்டியை மூன்று தடவை துடைத்தேன். வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த தலையணை உறையை மடித்துப் பெரிய பை ஒன்றில் வைத்தேன். மெக்கானிக் மட்டும் வழக்கம்போல மெஷினுக்குப் பின்னால், பம்ப் ஓரமாகக் காலை நீட்டிக் கண்ணை மூடியிருந்தார்.

"சாப்பாட்டு நேரத்துலகூட அத விடமாட்டியா?"

"ஒண்ணே ஒண்ணுண்ணே."

மூடியை அழுத்தினேன். மீட்டர் முள் இறங்கியது. பை சுருங்கி, துணியோடு ஒட்டி, கல்லாக இறுகியது. ஏழு வாரத்தில் அன்றைக்குத்தான் எனக்கு நிம்மதியாக மூச்சு வந்தது. இனி அவசரமில்லை. கிழவனான பிறகு ஒருநாள் பிரித்துக்கொள்ளலாம்.

"யாருய்யா உள்ள வந்தது?" பின்னாலிருந்து மெக்கானிக் கேட்டார். "தலைக்குக் குளிச்ச பொம்பளை வாசனை அடிக்குதே."

பையைக் கிழித்து உறையை முகத்தில் அப்பிக்கொண்டேன். பிளாஸ்டிக் வாடை. வெறும் துணி.

பின்னால் ஓடினேன். பம்ப் காற்றைத் தள்ளும் குழாயில் மூக்கை வைத்தேன். சூடான ஆயில் நாற்றம் மட்டும்தான். அந்த மூலை பன்னிரண்டு வருடமாகக் காபி மணக்கும். அது எங்கிருந்து வருகிறது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

"இன்னும் அடிக்குதாண்ணே?"

அவர் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்.

"இல்லய்யா. இப்பதான் போச்சு."