நடுக்கோடு

ஐஸ் பெட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த வளர்மதி சட்டென்று துணியைக் கீழே வைத்தாள்.

"வேப்பந்தாங்கலுக்கு யாரு போயி சேதி சொன்னது?"

பந்தலில் பாடைக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்த சேட்டு மாமாதான் நிமிர்ந்தார். அம்மாவுக்குப் பெரியப்பா மகன். அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் அவர்தான் முன்னால் நிற்பார்.

"வாட்சப்புல போட்டோவோட போட்டாச்சு. வர்றவன் இந்நேரம் வந்திருப்பான்."

"நேர்ல யாரும் போவலியா?"

"அவனுங்க வந்து இன்னா ஆவப்போவுது? வருசக்கணக்கா மொகத்த திருப்பிக்கினு கீறானுங்க."

வளர்மதி பெட்டிக்குள் பார்த்தாள். அப்பாவின் நெற்றியில் யாரோ வைத்த ஒற்றை ரூபாய் பளபளத்தது. அயர்லாந்தில் நர்ஸ் வேலை பார்க்கிறவள், தகவல் வந்ததும் கிடைத்த விமானத்தைப் பிடித்து, விடிந்ததும்தான் வந்து சேர்ந்திருந்தாள். வழி நெடுக அவளுக்கு ஒரே நினைப்பு, வேப்பந்தாங்கல்காரர்கள் வந்திருப்பார்களா என்பதுதான்.

அப்பா சின்னராசு பிறந்தது வேப்பந்தாங்கலில். ஏரிக்கரையைத் தாண்டினால் அந்த ஊர். அம்மா எல்லம்மாள் ஒரே பெண் என்பதால் இந்தக் கொள்ளுமேட்டுக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தார். வந்த வருசமே காணும் பொங்கலன்று கபடியில் இரண்டு ஊரும் மோதின. கொள்ளுமேட்டில் ஓர் ஆள் குறைந்தது. பெண் கொடுத்த ஊராயிற்றே, எப்படி மறுப்பார்? இறங்கினார். கடைசிப் பாட்டுக்கு, கபடி கபடி என்று எதிர்ப்பக்கம் போனவரின் காலை, கூடப் பிறக்காத குறையாக வளர்ந்த ஏகாம்பரமே பிடித்துவிட்டார். சின்னராசு அப்படியே இழுத்துக்கொண்டு வந்து நடுக்கோட்டைக் கையால் தொட்டார். கொள்ளுமேடு ஜெயித்தது. ஏகாம்பரம் காலை விட்டுவிட்டு, "இனிமே எங்க கோட்டுக்குள்ள வராத" என்றார்.

அத்தோடு சரி. அப்பா அதன்பிறகு எந்த ஊருக்கும் ஆடவில்லை. வருசா வருசம் கயிற்றுக்கு வெளியே, கரும்பு ஜூஸ் வண்டிக்குப் பக்கத்தில் நின்று வேப்பந்தாங்கல் ஆட்டத்தைப் பார்ப்பார். அவர்கள் தோற்ற அன்றைக்கு வீட்டில் சோறு இறங்காது. இந்த வீம்புக்கெல்லாம் மருந்து கிடையாது என்று அம்மா தட்டைக் கழுவி வைப்பாள்.

போன வருசம் வளர்மதி அவரிடம் போனில் ஒரு கதை சொன்னாள். அவளுடைய வார்டில் ஒரு கிழவர் இறந்துபோனார். வயசுக் காலத்தில் ஹர்லிங் ஆடியவர். மட்டையும் பந்துமாய் அந்த ஊர்க்காரர்கள் உயிரை விட்டு ஆடுகிற ஆட்டம் அது. சவப்பெட்டி மேல் ஊர் பனியனைப் போர்த்தி, ரோட்டுக்கு இரண்டு பக்கமும் அணி மொத்தமும் வரிசையாக நின்றது.

"துட்டு எவ்ளோ தராங்க அவங்களுக்கு?"

"ஒரு பைசா கெடையாது நைனா. பொறந்த ஊருக்காவ ஆடறாங்க, அவ்ளோதான்."

"அப்ப நம்ம ஆட்டந்தான்." அப்பா அடுத்துக் கேட்டார். "வேற ஊர்ல போயி குந்திக்கினவனுக்கும் வந்து நிப்பாங்களா?"

"அந்தத் தாத்தா வேற ஊருக்குப் போயி எத்தினியோ வருசமாச்சு. நின்னாங்களே."

"சாப்ட்டியாமா?" என்றார் அப்பா. அதற்கப்புறம் எப்போது பேசினாலும், "அந்த மட்டை ஆட்டம் இன்னாச்சு?" என்று கேட்காமல் போனை வைக்க மாட்டார். அவர் எதைக் கேட்கிறார் என்று அவளுக்குத் தெரியும்.

"நான் போயி சொல்லிட்டு வரேன்" என்று வளர்மதி பெட்டிக்குப் பக்கத்திலிருந்து எழுந்தாள்.

"பொம்பள போயி சாவு சொல்றதா? நல்லா கீதே" என்றார் சேட்டு மாமா.

"கொள்ளி வெக்கறவன் என் தம்பி, அவன் நவுரக்கூடாது. நீ போவமாட்ட மாமா. வேற யாரு கீறா?"

பக்கத்து வீட்டு முனியன் அவளை ஏற்றிக்கொண்டு ஆட்டோவை எடுத்தான்.

வேப்பந்தாங்கல் மைதானத்து ஓரத்தில், வேப்பமரத்தடியில், பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். கிழவர்களும் பையன்களுமாக எல்லோர் மேலும் பச்சை பனியன். மார்பில் உரக்கடை விளம்பரம். நடுவில் ஒரு ரோஜா மாலை, வாடாமல் இருக்க ஈரத்துணி மூடிக் கிடந்தது. ஏகாம்பரம் எழுந்தார். மெலிந்துபோயிருந்தார்.

"பெரிப்பா, நைனா பூட்டாரு" என்றாள் வளர்மதி. அதுவரை யாரிடமும் அவள் அதை வாய்விட்டுச் சொல்லியிருக்கவில்லை. சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

"நேத்தே தெரியும்மா. நேத்துலேர்ந்து இங்கதான் குந்திக்கினு கீறோம்."

"அப்ப ஏன் வரல?"

"போன்ல படம் வந்தா அது சேதியா? எங்க ஆளு செத்துட்டான்னு ஒருத்தர் வந்து எங்ககிட்ட சொல்ல வாணாமா? சொல்லி அனுப்பல. சரி, எங்கள வாணாம்னுட்டாங்கன்னு நெனச்சோம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்கதான அவர கோட்டுக்குள்ள வராதன்னது?"

"அந்த ஆட்டத்துல, கோவத்துல சொன்னது. அவன் ஆயுசுக்கும்னு எடுத்துக்கினான்." ஏகாம்பரம் மைதானத்தைப் பார்த்தார். "பொங்கலுக்குப் பொங்கல் ஜூஸ் வண்டிகிட்ட நிப்பான். போயி கைய புடிச்சி இட்டாந்துடலாம்னு நெனப்பேன். அவனே வரட்டும்னு நின்னுட்டேன்."

மாலையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள் வளர்மதி. "வாங்க பெரிப்பா. மூணு மணிக்கு எடுக்கறாங்க."

பறையடித்துக்கொண்டு பாடை கிளம்பியது. தெருமுனையோடு பெண்கள் நிற்க வேண்டும். அங்கிருந்து பார்த்தால் ஏரிக்கரை மண்பாதையும், சுடுகாட்டுக்குப் போகிற வழியில் சடங்குக்காகப் பாடையை இறக்கித் திருப்பி வைக்கிற இடமும் தெரியும். அங்கே இரண்டு பக்கமும் பச்சை பனியன்கள் வரிசையாக நின்றன. வளர்மதி எட்டிப் பார்த்தாள். இதைப் போனில் சொல்ல இனி அந்தப் பக்கம் ஆளில்லை.

பாடையை இறக்கினார்கள். ஏகாம்பரம் மாலையைப் போட்டார். மடித்து வைத்திருந்த பனியனை அப்பாவின் மார்பில் விரித்தார். பிறகு நான்கு எட்டு முன்னால் போய், குதிகாலை அழுத்தி, பாதையின் குறுக்கே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை ஒரு கோடு இழுத்தார். பறை நின்றது. சேட்டு மாமா கோட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். சண்டைக்குத்தான் போகிறார் என்று வளர்மதி நினைத்தாள். அவர் தன் தோளிலிருந்த துண்டை எடுத்துச் சும்மாடாக மடித்து ஏகாம்பரத்தின் தோளில் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். மற்ற மூன்று முனைகளுக்கும் பச்சை பனியன்கள் வந்தன.

"வா வளரு, தலைக்குத் தண்ணி ஊத்திக்கலாம்." சித்தி அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"கொஞ்சம் இரு சித்தி."

ஏகாம்பரம் முதலில் கால் எடுத்து வைத்தார். பின்னாலேயே பாடை போனது. அப்பா முழுசாக அந்தப் பக்கம் போகிறவரைக்கும் அவள் நின்றாள்.

"இப்ப போலாம்" என்றாள்.

கூட்டம் கரை திரும்பியது. எதிரே சைக்கிளில் பால் கேனோடு வந்த ஓர் ஆள் கோட்டருகில் இறங்கினார். மண்ணையும் பூவையும் பார்த்தார். அப்புறம் சைக்கிளைத் தூக்கி, கோடு கலையாமல் இந்தப் பக்கம் வைத்தார்.